ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை

செவல்குடி கிளை நூலகத்தில் புத்தகங்களுக்கு எடை கூடவும் குறையவும் ஆரம்பித்தது ஐப்பசி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை, அது டீ வருவதற்கு முன்பா பின்பா என்பதில்தான் இன்றுவரை தகராறு. நூலகர் ராஜகனியைக் கேட்டால் டீக்குப் பிறகு என்பாள். ஏனென்றால் டம்ளர்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் மேசைமேல் கிடந்த புத்தகத்தை அலமாரியில் வைக்க எடுத்தாள், அது வரவில்லை.

அதிகாலையில் எழுந்தால் வாழ்க்கையில் முன்னேறலாம் என்று சொல்கிற நூற்றிருபது பக்கப் புத்தகம் அது, வெயில் காலத்தில் விசிறிக்கொள்ளத் தோதான கனம்தான். பசை எதிலும் ஒட்டிக்கொண்டதோ என்று நகத்தால் நெம்பிப் பார்த்தாள், ஸ்கேலைக் கொடுத்து நெம்பினாள், ஸ்கேல் உடைந்தது. வாசகர் வட்டத்துத் தலைவர் சங்கரசுப்பு வந்தார், துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் கட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "கனமான விஷயம்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அரிசி ஆலையிலிருந்து நாலு சுமைதூக்கும் ஆட்கள் வந்து கயிறு கட்டித் தரையில் இறக்கினார்கள், இறக்கிய இடத்தில் மூன்று வாரம் இருந்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தரையைப் பிளந்துகொண்டு அது மண்ணுக்குள் போயிற்று. குழியின்மேல் ராஜகனி சொந்தக் கைக்காசில் சிமெண்டு பூசினாள், அதற்குமேல் நாற்காலியைப் போட்டாள், வேலையைப் பார்த்தாள்.

வாசகர் வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதத்தில் இரண்டு ஞாயிறு கூடுவார்கள், எழுதி வைத்த வரிசைப்படி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள், வந்தவர்களுக்கு ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டையை ராஜகனி எண்ணிக் கொடுப்பாள். புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். பேசி முடித்தவர் தன் மனசுக்குப் பட்ட அளவுக்குக் கொட்டையை டின்னில் போட்டுவிட்டு மிச்சத்தை அவளிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். அந்த ஐப்பசி ஞாயிறு பேசியவர்கள் ஏழு பேர், டின்னில் விழுந்தது மொத்தமே மூன்று கொட்டை. ஏழு பேரில் ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை, ஆனால் என்ன, பின்னட்டை என்று ஒன்று இருக்கிறது, அதைப் படித்துவிட்டு முக்கால் மணி நேரம் பேச முடியாதவருக்கு செவல்குடி வாசகர் வட்டத்தில் இடமே கிடையாது.

அடுத்த கூட்டத்தில் தொள்ளாயிரம் பக்க ராஜா ராணி நாவல் ஒன்றுக்கு ஏழு பேரும் ஐந்தைந்து கொட்டை போட்டார்கள். மிக்சர் கடை வேலாயுதம் மூன்று தலைமுறையாகத் தன் குடும்பம் கொண்டாடுகிற புத்தகம் அது என்று கண்கலங்கிச் சொன்னார், மூன்று தலைமுறையில் யார் படித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தைந்தாவது கொட்டை விழுந்ததும் அந்தத் தலையணைப் புத்தகம் மேசையைவிட்டு மெதுவாகக் கிளம்பி, வேலாயுதத்தின் மூக்கு மட்டத்தைத் தாண்டி, மேலே போய் மச்சில் முட்டி நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "ஃபேனைப் போட்ராதீங்க மேடம்" என்றார் ஒருவர். ராஜகனி ஒட்டடைக் கம்பைத் தேடிக்கொண்டு போனாள்.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அதிசயம் என்று வாய் பிளந்து நிற்க அங்கே யாருக்கும் நேரமில்லை, எதற்கு உதவும் என்றுதான் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு கொட்டையே வாங்கிய கவிதைத் தொகுதிகளைக் கல்யாணப் பந்தல்காரர் வரிசையாக எடுத்துப் போய்ப் படுதாவின் நாலு மூலையிலும் வைத்தார், ஆடிக் காற்றுக்கும் படுதா அசையவில்லை, மேட்டுத் தெருவில் காய்கறி வண்டி நிறுத்துகிறவர் சக்கரம் உருளாமல் அண்டக் கொடுக்க ஒரு வரலாற்று ஆராய்ச்சி நூலை நிரந்தரமாகப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். ஐந்து கொட்டைப் புத்தகங்களுக்கோ அடிதடி, தண்ணீர்க் குடம் சுமக்கிற பெண்கள் இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்டால் குடம் பாதிப் பாரம்கூட இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள், ரேஷன் கடை வரிசையில் ஆளாளுக்குப் பைக்குள் ஒரு குடும்ப நாவல். மூட்டு வலிக்காரர்கள் கக்கத்தில் ஒன்றை இடுக்கிக்கொண்டு கோவில் படி ஏறினார்கள். ஆறு மாதத்தில் உறுப்பினர் எண்ணிக்கை மூன்று மடங்கானது, மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, அதை ராஜகனி கோப்பில் துளையிட்டு மாட்டினாள். இத்தனை புத்தகம் வெளியே போய் வந்ததில் ஒன்றின் பக்கமும் மடங்கியிருக்கவில்லை, ஒன்றிலும் எண்ணெய்ப் பிசுக்குக் கூட இல்லை.

வேலை மட்டும் கூடியது. கூட ஆள் கிடையாது, திறப்பதும் பெருக்குவதும் தினசரிகளை அடுக்குவதும் உறுப்பினர் அட்டை எழுதுவதும் இப்போது புதிதாக மச்சில் ஒட்டிய புத்தகங்களை ஏணி போட்டு இறக்குவதும் அவள்தான். ஐம்பத்து மூன்று வயது, வலது தோள் பட்டையில் நாலு வருஷமாக வலி. வீட்டில் கட்டிலோடு கிடக்கிற மாமனார் விடிந்தது முதல் "ஏத்தா, ராஜகனி" என்பார், பஸ்ஸில் நடத்துநர் "உள்ள போம்மா, உள்ள போ" என்பார், நூலகத்துக் கதவைத் திறக்குமுன் யாராவது "மேடம்" என்பார்கள், ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று அவள் ஒருமுறை எண்ண ஆரம்பித்து அதுவும் அலுத்து விட்டுவிட்டாள். இன்னொன்றும் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் ஒரு புத்தகத்தை முழுசாக வாசித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்த வேலைக்கு வந்ததே வாசிக்கிற ஆசையில்தான், ஆனால் இப்போது புத்தக முதுகில் ஒட்டிய எண்ணைத் தாண்டி உள்ளே போனால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகிவிடுகிறது. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு என்றால் என்றைக்கோ போயிருக்கும்.

ஆனால் அவள் தோளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. எந்தப் புத்தகம் என்ன கனம் என்று இருபத்தாறு வருஷமாகத் தூக்கித் தூக்கி அதற்கு மனப்பாடம். அழகு நிலையம் வைத்திருக்கிற மெர்லின் வட்டத்தில் ஒரு உறுப்பினர், வாடிக்கையாளர் முகத்தில் பூசியது காய்கிற நேரத்தில் எல்லாம் வாசிக்கிறவள், முழுக்கப் படிக்காத புத்தகத்துக்குக் கூட்டத்துக்கே வரமாட்டாள். அவள் ஒரு நாவலைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டு வந்து கிழி கிழி என்று கிழித்து ஒரே ஒரு கொட்டை போட்டாள், அந்தப் புத்தகத்தை மற்றவர்கள் ஆறு பேர் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தும் அது பறக்கவுமில்லை கனக்கவுமில்லை, எப்போதும்போல ஒரு புத்தகமாகவே இருந்தது. இன்னொன்றுக்கு நாலு போட்டாள், அதுவும் அப்படியே. படித்தவர் ஒருவர் கொட்டை போட்டால் போதும், எத்தனை போட்டாலும் சரி, புத்தகம் அதன் சொந்த எடையில் நின்றுவிடுகிறது என்று ராஜகனிக்குப் புரிந்தது. புரிந்ததை யாரிடமாவது சொல்லலாம்தான். சொன்னால் விளக்க வேண்டும், விளக்கினால் விவாதம் வரும், விவாதம் வந்தால் இரண்டாவது டீ போட வேண்டும்.

அவள் ஏணியில் தடுமாறி விழுந்து தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கு வாசகர் வட்டத்துக்கு அவள்மேல் பெரிய இரக்கம் வந்துவிட்டது. கனத்த புத்தகம் ஒன்றைக்கூட இனி மேடம் நகர்த்தக் கூடாது, ஆகவே இனிமேல் எல்லாப் புத்தகத்துக்கும் ஐந்து என்று சங்கரசுப்பு தீர்மானம் கொண்டுவந்தார், கைதட்டலோடு நிறைவேறியது. விளைவு, அடுத்தடுத்து புத்தகங்கள் மச்சுக்குப் போயின, ஏணி இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. சணல் கயிறு போட்டு ஒவ்வொன்றையும் அலமாரிக் காலில் கட்டினாள். கயிறை அறுத்துக்கொண்டும் போயின. இரண்டாம் வருஷத்து மாசி மாதத்தில் ஒரு நாள் தெற்கு ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டாள், பதினான்கு புத்தகங்கள் பஸ் நிலையத்துக்கு மேலாகக் கிழக்கே போனதை டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். "மழை வர்ற பக்கமா போகுது" என்றார்கள், அவ்வளவுதான். ஒன்றும் திரும்பி வரவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் வரிசையில் தவசிலிங்கத்தின் முறை வந்தது.

தவசிலிங்கம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிறவர், வட்டத்தில் மூலை நாற்காலி அவருடையது. எட்டு வருஷம் எழுதி, 'கண்மாய்க்கரை நாற்பது வீடு' என்று இருநூற்று எண்பத்தாறு பக்கத்துக்கு ஒரு நாவலைச் சொந்தமாக அச்சடித்திருந்தார். இருநூறு பிரதி. கல்யாண வீடுகளில் மொய்யோடு சேர்த்துக் கொடுத்தது போக மிச்சத்தை வீட்டுப் பரணில் வைத்தார், கரையான் அதையும் தின்றது, கையெழுத்துப் பிரதியையும் தின்றது. கல்யாண வீட்டுப் பிரதிகளை அவர் தேடிப் போகாத வீடில்லை, மீட்டர் பார்க்கிற சாக்கில் எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டார், ஒன்றும் கிடைக்கவில்லை. உலகத்திலேயே மீதமிருப்பது நூலகத்துப் பிரதி ஒன்றுதான். அதைப் பேச எடுங்கள் என்று அவர் பேர் எழுதி வைத்து ஏழு வருஷம் ஆயிற்று. இப்போது நோட்டில் அவர் பேர் முதலில் நின்றது, மனிதர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

ராஜகனி அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் ஒருவரும் எடுத்துப் போகாத புத்தகம், எடை மாறாமல் இருந்தது. ஏழு பேர் படிக்காமல் ஐந்தைந்து போட்டால் இது எந்தக் கயிறையும் அறுத்துக்கொண்டு போய்விடும், கோபத்தில் குறைத்துப் போட்டால் சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு போய்விடும். அவளுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது.

சங்கரசுப்புவிடம் போய்ச் சொன்னாள். "சார், இந்தப் புத்தகத்தை மட்டும் யாராவது ஒருத்தர் வாசிச்சிட்டு வாங்க சார். ஒரு ஆள் போதும்."

"அப்ப நாங்கள்லாம் வாசிக்காமத்தான் இத்தனை வருஷமா பேசிக்கிட்டிருக்கோமா?" என்று அவர் கேட்டார். குரல் ஏறவில்லை, தாசில்தார் ஆபீஸ் குரல்.

"அப்படிச் சொல்லலை சார்."

"பொன்னாடைக்குச் சொல்லியாச்சு. தவசிலிங்கம் நம்ம ஆளு. முப்பத்தஞ்சும் விழும். நீங்க டீயை மட்டும் பாருங்க."

மெர்லினிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மெர்லின் மூன்று நாள் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்தாள். "அறுபது பக்கம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு போயிட்டேன்க்கா. ஒரு கல்யாணம், அது முடியவே மாட்டேங்குது. என்னால ஆகாது. அரைகுறையா வாசிச்சிட்டு மார்க் போட நான் வரமாட்டேன், என்னை விட்ருங்க."

"அப்ப யாருதான் வாசிக்கிறது?"

"நீங்க வாசிக்கலாம்ல?" என்றாள் மெர்லின், தப்பாக எதையும் நினைக்காமல்.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. முதல் நாள் சோறு வேகிற நேரத்தில் ஆரம்பித்தாள், நாலாம் பக்கத்தில் தூங்கிப்போனாள், சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் பதினொன்றாம் பக்கம். மெர்லின் சொன்ன கல்யாணம் இருபதாம் பக்கத்தில் ஆரம்பித்தது, பந்தக்கால் நட்டார்கள், பந்திக்கு இலை வாங்கினார்கள், இலை பற்றாமல் இன்னொரு ஊருக்குப் போய் வாங்கினார்கள், போன ஊரில் ஒருவன் தன் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தான். ராஜகனிக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனாருக்குக் கஞ்சி ஊட்டுகிறபோது இடது கையில் புத்தகம், கண் மங்கிய அவர் "என்னத்தா அது, கரண்டு பில்லா?" என்று கேட்டார், ஒரு வகையில் அப்படித்தான் என்றாள். தெருமூலைத் துணிக்கடையில், மருந்துக்கடை வரிசையில், புத்தகம் வாங்க வந்தவர்கள் கனமானதா லேசானதா என்று தங்களுக்குள் பேசி முடிவு பண்ணுகிற இடைவெளியில், அவள் ஒவ்வொரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள், கதை நகரவில்லை, அவளும் விடவில்லை.

ஏழாம் நாள் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு நூற்று எழுபத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். அங்கே கொழுந்தாயி என்கிற பெண், கதையில் அதுவரை இரண்டு இடத்தில் மட்டும் வந்தவள், கல்யாண வீட்டுப் பாத்திரம் அத்தனையும் கழுவி முடித்துவிட்டுப் புழக்கடையில் துவைக்கிற கல்லில் உட்காருகிறாள். உட்கார்ந்திருக்கிறாள். கையில் சோப்பு நுரை காய்கிறது, சேவல் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போகிறது, வேலி நிழல் காலில் ஏறுகிறது. இதோ யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்று ராஜகனி ஒவ்வொரு வரியிலும் பதறினாள், பக்கத்தைத் திருப்பினாள், யாரும் கூப்பிடவில்லை. நாலு பக்கம், ஒன்றுமே நடக்கவில்லை, கொழுந்தாயி உட்கார்ந்தே இருந்தாள், அத்தியாயம் முடிந்துவிட்டது. ராஜகனி திரும்ப நூற்று எழுபத்து மூன்றுக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது செவல்குடி போய் இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது, இருபத்தாறு வருஷத்தில் முதல்தடவை நூலகம் நாற்பது நிமிஷம் தாமதமாகத் திறந்தது, தினசரிக்குக் காத்திருந்த பெரியவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டு நின்றார்கள்.

சித்திரை ஞாயிறு, கரண்டு இல்லை, புழுக்கம் தாங்காமல் சங்கரசுப்பு எல்லா ஜன்னலையும் திறக்கச் சொல்லிவிட்டார். தவசிலிங்கம் புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எழுதியவருக்குக் கொட்டை கிடையாது. மண்ணின் மணம் என்றார் ஒருவர், எளிய மனிதர்களின் வாழ்வியல் என்றார் ஒருவர், வேலாயுதம் நாற்பது வீட்டையும் தான் கண்ணால் கண்டதுபோல இருந்தது என்றார். கொட்டைகள் டின்னில் விழுந்துகொண்டே இருந்தன, இருபதைத் தாண்டியதும் புத்தகம் அசைந்தது, முப்பதில் மேசையை விட்டது, முப்பத்தைந்தில் கட்டியிருந்த கயிறு பட்டென்று அறுந்தது. மேலே போகிற தன் புத்தகத்தைத் தவசிலிங்கம் எழுந்து நின்று கைகூப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஏழு வருஷம் காத்திருந்த மரியாதை வருகிறது என்று நினைத்தார் மனிதர், புத்தகம் ஜன்னல் பக்கம் திரும்பியபோதுகூட அவர் முகம் மாறவில்லை.

ராஜகனி தன் முன்னால் கிடந்த கொட்டையிலிருந்து ஐந்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நூலகர் மார்க் போடுற வழக்கம் கிடையாதே" என்றார் சங்கரசுப்பு.

"நான் வாசிச்சிருக்கேன் சார்" என்றாள்.

புத்தகம் ஜன்னல் கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்று அவள் தவசிலிங்கத்தைப் பார்த்துச் சொன்னாள். "அந்தக் கல்யாணம் இருபது பக்கத்துல முடியணும். இலை வாங்கப் போனதெல்லாம் வேண்டாம். கடைசியில அந்த மைனர் ஒரே நாள்ல திருந்துறான், அதை நான் நம்பலை. நாலு தடவை தூங்கிட்டேன், ஒரு நாள் சோறு தீஞ்சுபோச்சு." ஒரு கொட்டையைப் போட்டாள். "ஆனா நான் பதினோரு வருஷமா ஒரு புத்தகமும் வாசிச்சு முடிக்கலை. இதை முடிச்சிட்டேன்." இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதை விரலிடுக்கில் வைத்து உருட்டினாள். "கொழுந்தாயிக்காக இது. அவளை யாரும் கூப்பிடாம விட்டீங்கல்ல." போட்டாள். "மூணுதான் அண்ணாச்சி. அதுக்கு மேல போட எனக்கு மனசு ஒப்பலை."

புத்தகம் ஜன்னல் கட்டையிலிருந்து கழன்று, நேராகக் கீழே வந்து, தொப்பென்று தரையில் விழுந்தது. விழுந்ததில் அட்டை மூலை மடங்கியது.

பொன்னாடையைக் கையில் வைத்திருந்த சங்கரசுப்புவுக்கு அதைப் போடுவதா மடிப்பதா என்று தெரியவில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஒரு மனுஷனை இப்படிச் சபையில் வைத்து என்று சொல்லிக்கொண்டே அவர் கிளம்ப, மற்றவர்களும் செருப்பைத் தேடினார்கள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

தவசிலிங்கம் குனிந்து புத்தகத்தை எடுத்தார். இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் கனம் பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. "அந்த நாலு பக்கம்..." என்றார்.

"ரெண்டு தடவை வாசிச்சேன்."

"அச்சடிக்கிறவரு அதை எடுத்துருங்கன்னாரு மேடம். ஒண்ணும் நடக்கலையே, பேப்பர் தண்டம்னாரு. எங்க அம்மையை நான் ஒரே ஒரு நாளுதான் அப்படிப் பாத்தேன். கூப்பிடப் போனவன், கூப்பிடாம வந்துட்டேன்." மடங்கிய மூலையைக் கட்டைவிரலால் நீவினார். "கல்யாணம் நூறு பக்கத்துக்கு மேல ஜாஸ்திதான், இல்ல?"

"ஜாஸ்திதான் அண்ணாச்சி."

அவர் தலையாட்டினார். புத்தகத்தை அவளிடம் நீட்டினார், அவள் வாங்கி அதன் இடத்தில் வைத்தாள், வலது தோளுக்கு அதன் கனம் தெரிந்தது. பிறகு டம்ளர்களைக் கழுவ வேண்டும், பெருக்க வேண்டும், மச்சில் இன்னும் ஒன்பது புத்தகம் இருக்கிறது, ஏணியை எடுக்க வேண்டும். அவள் ஏணி வரைக்கும் போனாள், ஏணியைத் தொட்டாள், பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். மிஞ்சிய இரண்டு கொட்டையும் கையிலேயே இருந்தன. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அவள் எதையும் நினைக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண், "மே..." என்று ஆரம்பித்தாள். வீட்டுக்குக் கிளம்பாமல் வெளிப்படியில் நின்றுகொண்டிருந்த தவசிலிங்கம் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"கூப்பிடாதீங்கம்மா" என்றார் சன்னமாக. "உக்காந்திருக்காங்க."